வராண்டாவில் உட்கார்ந்திருக்கும் அம்மா

தலைமையாசிரியர் கேட்டது ஒரு வரிதான். "வீட்டுவழிக் கல்விக்குப் பரிந்துரைக்கிறேன்னு எழுதிக் குடுங்க மேடம். பையனுக்கும் அலைச்சல் இல்ல, எங்களுக்கும் பயம் இல்ல."

நான் எழுதவில்லை. பிள்ளை பள்ளிக்கு வராமல், ஆசிரியர் வீட்டுக்குப் போய்ச் சொல்லித்தருவதுதான் வீட்டுவழிக் கல்வி.

பையனுக்கு மூளை முடக்குவாதம். உட்கார வைத்தால் நன்றாக உட்காருவான், வலது கையால் எழுதுவான், நாலாம் வகுப்புக் கணக்கு போடுவான். வீட்டோடு கிடக்க வேண்டிய நிலை இல்லை. சிக்கல் கழிப்பறைதான். மாற்றுத்திறனாளிகளுக்கென்று ஒன்று இருக்கிறது, கைப்பிடிக் கம்பிகூட உண்டு. ஆனால் கதவு உள்பக்கமாகத் திறக்கும். சக்கர நாற்காலி உள்ளே போனால் கதவைச் சாத்த முடியாது. மீதி இடத்தில் பிளீச்சிங் பவுடர் மூட்டை, துடைப்பம். இதற்கு பிசியோதெரபிஸ்டான என் கையெழுத்தா? 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 16ஆவது பிரிவைச் சொன்னேன். கட்டடத்தை அவன் புழங்கும்படி வைப்பது பள்ளியின் கடமை. கொஞ்சம் குரலை உயர்த்தியே சொன்னேன்.

மூட்டைகள் வெளியே வந்தன. தூக்கி உட்கார வைக்கத்தான் ஆள் இல்லை. அதனால் அவன் அம்மா பள்ளி விடும்வரை வராண்டாவில் இருக்கிறார்.

"வீட்ல எங்க அத்தை பாத்துக்குவாங்க டீச்சர். நீங்க எழுதிக் குடுத்திருந்தா நான் நூறு நாள் வேலைக்காவது போயிருப்பேன்."

கோபமாகச் சொல்லியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன்.

உடம்புக்குத் தேவைப்பட்டால்தான் வீட்டுவழி. பள்ளியின் வசதிக்காக ஒருமுறை எழுதினால் அடுத்த பள்ளியும் கேட்கும். இதை இப்போதும் நம்புகிறேன். ஆனால் தொகுப்பூதியம்தான் என்றாலும் எனக்கு மாதச் சம்பளம் வந்துவிடுகிறது. கூலி போனது அவருக்கு. 31ஆவது பிரிவு அருகிலுள்ள பள்ளியா, சிறப்புப் பள்ளியா என்று தேர்ந்தெடுக்கும் உரிமையைப் பிள்ளைக்குத் தருகிறது. அதில் வீடு இல்லை என்று தலைமையாசிரியரிடம் வாதாடலாம். அந்த அம்மாவிடம்?

"நீங்க எழுதியிருந்தா அவன் மறுபடி பள்ளிக்கூட வாசலை மிதிச்சிருக்க மாட்டான்" என்றார் சிறப்பாசிரியர். ஆறுதல்தான். வீட்டுக்குப் போய்ச் சொல்லித்தரும் வேலை அவருக்குக் குறைந்தது என்பதையும் சேர்த்தே யோசிக்க வேண்டியிருக்கிறது.

பையனைக் கேட்டால் பள்ளிக்கூடம்தான் என்பான். மதியம் அவன் தட்டையும் சேர்த்துச் சோறு வாங்கிவர ரெண்டு பேர் போட்டி போடுகிறார்கள். அம்மாவும் அதைப் பார்க்கிறார், சிரிக்கிறார். அப்புறம் என்னிடம் கேட்கிறார், "ஆள் எப்ப டீச்சர் போடுவாங்க?"

கல்வித் துறையின் வட்டார வள மையத்தில் மனு கொடுத்திருக்கிறது என்று சொல்லி வைத்திருக்கிறேன்.