ஓசனிச்சிட்டு ஃபீடர்: ஒரு சீசன் குறிப்புகள்

இடம் அமெரிக்காவின் டெக்சாஸில் உள்ள ஹூஸ்டன். ஓசனிச்சிட்டு (ஹம்மிங்பேர்ட்) குடிக்கச் சர்க்கரைத் தண்ணீர் ஊற்றித் தொங்கவிடும் ஃபீடர்கள் இரண்டை, மார்ச் நடுவில் தொடங்கி அக்டோபர் கடைசி வரை வைத்துப் பார்த்த கணக்கு இது. ஒன்று பாட்டிலைத் தலைகீழாகக் கவிழ்த்துத் தொங்கவிடும் வகை, 16 அவுன்ஸ் பிடிக்கும். இன்னொன்று மூடி போட்ட தட்டு மாதிரி இருப்பது, 12 அவுன்ஸ். வந்து குடிப்பது பெரும்பாலும் ரூபி த்ரோட்டட் என்ற செங்கழுத்து இனம். ஒன்றின் எடை சுமார் 3 கிராம். (நம் ஊர்த் தோட்டத்தில் செம்பருத்தியைக் குடையும் தேன்சிட்டு வேறு குடும்பம். ஓசனிச்சிட்டு அமெரிக்கக் கண்டங்களைத் தாண்டி எங்கும் கிடையாது.)

கலவை

சீனி ஒரு பங்கு, தண்ணீர் நான்கு பங்கு. அளப்பது இரண்டையும் ஒரே கப்பால். கால் கப் சீனி என்றால் 50 கிராம், அதற்கு ஒரு கப் தண்ணீர், 240 மில்லி. சாதாரண வெள்ளைச் சீனி மட்டும்தான்.

இந்த இடத்தில்தான் நம் ஆட்களுக்குக் கை நடுங்கும். வெள்ளைச் சீனி ஆகாது, நாட்டுச் சர்க்கரை போடலாமே, கருப்பட்டி போடலாமே என்று தோன்றும். போடக்கூடாது. வெல்லம், கருப்பட்டி, பிரவுன் சுகர் எல்லாவற்றிலும் பாகின் கசடோடு இரும்புச் சத்து இருக்கிறது. நமக்கு நல்லதான அந்த இரும்பு இந்தப் பறவைக்கு அதிகப்படி. தேனைத் தண்ணீரில் கலந்தால் சீக்கிரம் புளித்துப் பூஞ்சை பிடிக்கும். ஐசிங் சுகரில் சோளமாவு கலந்திருக்கும். சுகர்ஃப்ரீ வகையறாவில் பறவைக்கு வேண்டிய சக்தியே இல்லை. சிவப்புச் சாயமும் தேவையில்லை, ஃபீடரின் சிவப்பு மூடியே கண்ணில் படும். பூவின் தேனும் பெரும்பகுதி சர்க்கரைத் தண்ணீர்தான். புரதத்துக்குப் பறவை கொசுவும் சிறு பூச்சியும் பிடித்துக்கொள்கிறது. அதனால் சத்துக்காக எதையும் சேர்க்க வேண்டாம்.

தண்ணீரைக் கொதிக்கவிட்டு, அடுப்பை அணைத்துவிட்டுச் சீனியைப் போட்டுக் கலக்கினால் போதும். பாகு காய்ச்சுவது போலப் பத்து நிமிடம் கொதிக்கவிட்டால் தண்ணீர் வற்றி 1:4 என்ற கணக்கு கெட்டுப்போகும். முழுக்க ஆறிய பிறகே ஊற்ற வேண்டும். மிச்சத்தை மூடி ஃப்ரிட்ஜில் வைத்தால் ஒரு வாரம் தாங்கும். கொதிக்கவைப்பது ஃப்ரிட்ஜில் இருக்கும் மிச்சத்துக்குத்தான் உதவும். வெளியே தொங்கவிட்டு முதல் அலகு உள்ளே போன நிமிடமே கிருமியும் ஈஸ்ட்டும் உள்ளே வந்துவிடும்.

மார்ச், ஏப்ரல்

தொல்லை இல்லை. குளிர்ச்சியான நாட்களில் நான்காம் நாள் வரை கண்ணாடி போல இருந்தது. வாரம் இருமுறை மாற்றியாயிற்று.

மே

மூன்றாம் நாளே லேசான மங்கல். நேராகப் பார்த்தால் தெரியாது. பாட்டிலுக்குப் பின்னால் வெள்ளைக் காகிதத்தைப் பிடித்தால் கஞ்சித் தெளிவு போன்ற நிறம் தெரியும். மூடியைத் திறந்து மோந்தால் இன்னும் தெளிவு. பதநீர் கள்ளாக மாறும் அந்த முதல் வாடை. நடப்பதும் அதேதான்: ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலாக்குகிறது. கலிஃபோர்னியாவில் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2023இல் வெளியிட்ட ஆய்வில், அன்னா என்ற இன ஓசனிச்சிட்டுகள் 1 சதவீதம் ஆல்கஹால் கலந்த சர்க்கரைத் தண்ணீரை வழக்கம் போலக் குடித்தன. 2 சதவீதம் ஆனதும் குடிக்கும் அளவு பாதியாகக் குறைந்தது. ஆகவே பறவை வந்து ஒரு வாய் வைத்துவிட்டு ஓடினால் முதலில் பாட்டிலைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

ஜூன் முதல் ஆகஸ்ட்

வெயிலில் தொங்கியது மறுநாள் காலையிலேயே மங்கிவிட்டது. பீக்கன் மர நிழலில் இருந்தது இரண்டாம் நாள் மாலை வரை தாங்கியது. 90 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு (32 செல்சியஸ்) மேல் போனால் தினமும், மிஞ்சினால் ஒருநாள் விட்டு ஒருநாள், மாற்றியே ஆக வேண்டும். பாட்டில் காலியாகட்டும் என்று காத்திருப்பதுதான் பெரும்பாலோர் செய்யும் தப்பு.

தினமும் மாற்றினால் வீணாகாதா? குறைவாக ஊற்றினால் வீணாகாது. ஆனால் இதில் ஒரு சிக்கல் உண்டு. கவிழ்த்த பாட்டிலில் திரவத்தைத் தாங்கி நிற்பது மேலே இருக்கும் காற்றின் அழுத்தக் குறைவு. கால் பாட்டில் மட்டும் ஊற்றினால் உள்ளே காற்று அதிகம். வெயிலில் அந்தக் காற்று விரிந்து துளை வழியாகத் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாகத் தள்ளும். சொட்டிய இடத்துக்கு எறும்பும் தேனீயும் வரும். தட்டு வகையில் இந்த வம்பு இல்லை. 4 அவுன்ஸ் ஊற்றினால் 4 அவுன்ஸும் அப்படியே நிற்கும். ஜூனிலேயே பாட்டிலைக் கழற்றி அலமாரியில் வைத்துவிட்டுத் தட்டை மட்டும் ஓட்டியது சரியான முடிவு.

எறும்புக்கு, கொக்கிக்கும் ஃபீடருக்கும் நடுவே தண்ணீர்க் கிண்ணம். சாப்பாட்டு மேசையின் காலடியில் கிண்ணம் வைக்கிற அதே தந்திரம். கோடையில் ஒரே நாளில் வற்றிவிடும், ஃபீடரை மாற்றும்போது இதையும் நிரப்ப வேண்டும். கம்பியில் எண்ணெயோ வாஸ்லினோ தடவுவது மட்டும் வேண்டவே வேண்டாம். இறகில் ஒட்டினால் பறவையால் சுத்தம் செய்துகொள்ள முடியாது.

கழுவுதல்

ஒவ்வொரு முறை மாற்றும்போதும் எல்லாப் பாகத்தையும் கழற்றி, வெந்நீரில் பிரஷ் போட்டுத் தேய்க்க வேண்டும். பழையதன் மேல் புதியதை ஊற்றினால் பாலுக்குப் பழைய தயிரால் உறை ஊற்றின கதைதான். பூஞ்சை பாட்டிலின் நடுவில் பிடிப்பதில்லை. பிடிக்கும் இடங்கள் மூன்று: துளையின் உள்விளிம்பு, ரப்பர் வாஷரின் அடிப்பக்கம், துளையில் அலங்காரத்துக்கு இருக்கும் மஞ்சள் பிளாஸ்டிக் பூவின் பின்னால் உள்ள சல்லடை. மே மாதம் ‘சுத்தமாக’ இருந்த பாட்டில் ஃபீடரின் பூவை நகத்தால் நெம்பி எடுத்துப் பார்த்தால், பின்னால் மிளகுத்தூள் தூவினது போலக் கருப்புப் புள்ளிகள். அந்த மஞ்சள் பூ தேனீயையும் இழுக்கிறது; சேர்த்தே கழற்றி எறிந்தாயிற்று. துளைகளுக்குக் குழாய் கழுவும் மெல்லிய பிரஷ் வேண்டும்.

வாரம் ஒருமுறை, ஒரு பங்கு வெள்ளை வினிகருக்கு நான்கு பங்கு வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறல். கருப்புப் பூஞ்சை தென்பட்டால் ஒரு கேலன் (சுமார் 3.8 லிட்டர்) தண்ணீருக்குக் கால் கப் பிளீச், அதுவும் ஒரு மணி நேரம். பிறகு வாடை போகும் வரை அலசி, முழுக்கக் காயவைக்க வேண்டும். வினிகரையும் பிளீச்சையும் ஒன்றாகக் கலந்தால் குளோரின் வாயு வரும், ஜாக்கிரதை. குறுகிய கழுத்துப் பாட்டிலுக்கு ஒரு கைப்பிடி அரிசியும் கொஞ்சம் தண்ணீரும் போட்டுக் குலுக்கினால் மூலையெல்லாம் பளிச்சென்று ஆகும்.

செப்டம்பர், அக்டோபர்

வலசைக் கூட்டம் வந்ததும் கணக்கே தலைகீழ். காலையில் நிரப்பிய 12 அவுன்ஸ் மாலைக்குள் காலி, கெட்டுப்போக நேரமே இல்லை. ஒரு முரட்டு ஆண் மற்றவற்றை அண்டவிடாததால், பாட்டில் ஃபீடரை வீட்டின் மறுபக்கம், அதன் கண்ணில் படாத இடத்தில் மாட்ட வேண்டியதாயிற்று.

ஃபீடர் இருந்தால் பறவை தெற்கே போகாமல் தங்கிவிடும் என்பது வெறும் பேச்சு. பகல் குறைவதைப் பார்த்துத்தான் அவை கிளம்புகின்றன. கடைசிப் பறவையைப் பார்த்த பிறகும் இரண்டு வாரம் வைத்திருந்தால், பிந்தி வரும் பறவைகளுக்கு உதவும். மெக்சிகோ வளைகுடாவை ஒட்டிய இந்தக் கரையில் குளிர்காலத்திலும் சில தங்குவதால், தட்டில் 2 அவுன்ஸ் மட்டும் ஊற்றித் தொடர்கிறது. உறைபனி இரவுகளில் அதை உள்ளே எடுத்து வைத்து, விடியும் முன் மாட்ட வேண்டும்; இரவுக் குளிருக்குப் பின் அவை சாப்பாடு தேடி வரும் நேரம் அது. பாட்டில் ஃபீடரின் வாஷர் விறைத்துவிட்டது, மார்ச்சுக்குள் புதிது வாங்க வேண்டும்.