வாடகை வீட்டில் போலீஸ் ஸ்டேஷன்: சொந்தக் கட்டடம் ஏன் இப்படி இழுக்கிறது?

சென்னைக் காவல்துறையின் தலைமையகமே ஒரு காலத்தில் வாடகை வீடுதான். எழும்பூரில் தனியாருக்குச் சொந்தமான பங்களாவை வாடகைக்கு எடுத்து, 1856-இல் 21,000 ரூபாய்க்கு விலைக்கு வாங்கினார்கள். கமிஷனர் அலுவலகம் வேப்பேரிப் புதுக் கட்டடத்துக்குப் போனது 2013-இல். எழும்பூர்க் கட்டடம் 2021 முதல் காவல் அருங்காட்சியகம்.

தலைமையகத்துக்கே இந்தக் கதை என்றால் புறநகர் ஸ்டேஷன்களைச் சொல்லவே வேண்டாம். 2011-இல் சென்னை மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426-க்கு விரிந்தது. 2022 ஜனவரியில் தாம்பரமும் ஆவடியும் தனிக் கமிஷனரேட் ஆயின. எல்லை பிரிப்பதும் ஆள் போடுவதும் அரசாணையில் முடிந்துவிடும். கட்டடம் அப்படி முடியாது. அதனால் புது ஸ்டேஷன் கிடைத்த இடத்தில் ஆரம்பமாகும்: வாடகை வீடு, சமுதாயக் கூடம், பழைய பஞ்சாயத்து ஆபீஸ். 'தற்காலிகம்' என்று எழுதிய பலகை துருப்பிடித்து விழுந்த பிறகும் ஸ்டேஷன் அங்கேயேதான் இருக்கும்.

குடும்பம் இருக்கக் கட்டிய வீட்டில் ஸ்டேஷன் எப்படி உட்காருகிறது என்று பாருங்கள். ஹாலில் ரைட்டர் மேசை, பாரா நிற்கும் காவலர், புகார் கொடுக்க வந்தவர்கள், கூட்டி வந்த சந்தேக நபர் எல்லாம் ஒன்றாக. படுக்கையறை இன்ஸ்பெக்டருக்கு. சமையலறையில் கம்ப்யூட்டர். மாடிப்படிக்கு அடியில் வழக்குச் சொத்து, அதாவது வழக்குகளில் கைப்பற்றிய பொருள்கள். ஸ்டோர் ரூமுக்குக் கம்பிக் கதவு போட்டால் லாக்கப். மாடியில் மகளிர் காவல் நிலையம். எட்டு மாதக் கர்ப்பிணியானாலும் ஏறித்தான் போக வேண்டும். தமிழகக் காவல்துறையில் பெண்கள் சேர்ந்தது 1973-இல், முதல் மகளிர் காவல் நிலையம் ஆயிரம் விளக்கில் வந்தது 1992-இல். இன்றைக்கும் பெண் காவலருக்குத் தனிக் கழிப்பறை இல்லாமல், பக்கத்து வீட்டை அண்டி ஓட்டும் ஸ்டேஷன்கள் உண்டு.

வீட்டுக்காரர் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. வாடகையை அவர் நிர்ணயிக்க முடியாது. பொதுப்பணித்துறை கணக்குப் போட்டுத் தரும் நியாய வாடகைச் சான்றுதான் உச்சவரம்பு. சந்தை வாடகை அதைத் தாண்டி எங்கோ போயிருக்கும். அவர் ஒழுகும் தளத்தைப் பூச மாட்டார், போலீசால் அரசுப் பணத்தைத் தனியார் கட்டடத்தில் போட முடியாது. இரண்டு பேரும் கையைக் கட்டிக்கொண்டு நிற்க, கம்பி துருத்திக்கொண்டு தெரியும்.

'ஃபண்ட் இல்லை' என்று பொதுவாகச் சொல்வார்கள். முக்கால்வாசி நேரம் அது உண்மையில்லை. காவல்துறையின் வருடாந்திரச் செலவுக்கு ஒப்புதல் கேட்கும் மானியக் கோரிக்கை, எண் 22, சட்டமன்றத்துக்கு வரும்போதெல்லாம் புதுக் காவல் நிலையக் கட்டட அறிவிப்புகள் வரும். மத்திய அரசின் காவல் நவீனமயத் திட்டம் தனி. கட்டிக்கொடுக்க 1981 முதல் தமிழ்நாடு காவலர் வீட்டுவசதிக் கழகம் இருக்கிறது, பேச்சுவழக்கில் போலீஸ் ஹவுசிங். தட்டுவது இடத்தில்.

அதுவும் இடம் இல்லாததால் அல்ல, இடத்தின் வகைப்பாட்டால். நகர நிலத்துக்கான டவுன் சர்வே பதிவேட்டிலோ கிராம நிலத்துக்கான அ-பதிவேட்டிலோ அது என்னவாக எழுதப்பட்டிருக்கிறது என்பதுதான் முதலில் பார்க்க வேண்டியது. அரசுத் தரிசு என்றால் வழி சுலபம்: தாசில்தார் அறிக்கை, கலெக்டர், நிலம் கைமாறும் முன்பே உள்ளே நுழைய முன்நுழைவு அனுமதி, பிறகு நிலமாற்றம். மேய்ச்சல் நிலமான மேய்க்கால் என்றால் மாற்று நிலம் காட்டச் சொல்வார்கள். நீர்நிலைப் புறம்போக்கு என்றால் அங்கேயே விட்டுவிடுங்கள். தண்ணீர் வற்றி முப்பது வருஷம் ஆகியிருந்தாலும் பதிவேட்டில் குட்டை குட்டைதான், வழக்குப் போட்டால் கட்டடம் நிற்காது. மாநகராட்சி இடமென்றால் மன்றத் தீர்மானம் வேண்டும், அந்த வார்டுக்காரர் அதே இடத்தில் பூங்கா கேட்டிருப்பார். கோயில் நிலம் என்றால் குத்தகை. ஐந்து வருஷத்துக்கு மேல் என்றால் அறநிலையத்துறைச் சட்டத்தின் 34-ஆம் பிரிவுப்படி ஆணையர் அனுமதி. குத்தகை மனையில் நிரந்தரக் கட்டடத்துக்கு நிதித்துறை கேட்கும் கேள்விகளுக்குப் பதில் எழுதுவதற்குள் அடுத்த மானியக் கோரிக்கை வந்துவிடும்.

வழக்கமாக நடப்பது தலைகீழ் வரிசை. முதலில் அறிவிப்பு, பிறகு மதிப்பீடு, நிர்வாக ஒப்புதல் அரசாணை, கடைசியில்தான் சர்வேயர் சங்கிலியோடு வந்து 'இதில் பாதி சாலைப் புறம்போக்கு' என்பார். முன்நுழைவு அனுமதி கையில் இல்லாத இடத்துக்குக் கருத்துரு அனுப்பவே கூடாது. எல்லைக்கல் நட்டு, நாலு பக்கமும் கம்பிவேலி போட்டுவிட்டு அனுப்பினால் போதும், பாதி வேலை முடிந்தது. வேலி போடாமல் விட்ட இடத்தில் ஆறு மாதத்தில் ஒரு டீக்கடையும் ஒரு கட்சிக் கொடிக்கம்பமும் முளைத்திருக்கும்.

அடுத்த சறுக்கல் மண்ணில். தோராய மதிப்பீடு மாதிரி வரைபடத்தை வைத்துப் போடுவது. அதில் அஸ்திவாரம் ஒன்றரை, இரண்டு மீட்டர் ஆழத்துத் தனித்தனிப் பாதங்கள். வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கத்துக் களிமண்ணில் அது எடுபடாது, ஆழத்தில் தூண் மாதிரி பைல் (pile) இறக்க வேண்டிவரும். மண் பரிசோதனையை ஒப்பந்தம் போட்ட பிறகு செய்தால் தொகை எகிறி, திருத்திய நிர்வாக ஒப்புதலுக்குக் கோப்பு மறுபடி கோட்டைக்குப் போகும். மனையில் மூன்று இடத்தில் துளையிட்டுப் பார்க்க ஆகும் செலவு மொத்தத்தில் கறிவேப்பிலை. டெண்டருக்கே ஒரு கணக்கு இருக்கிறது: ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மை விதிகளின்படி 2 கோடி வரை குறைந்தது 15 நாள், அதற்கு மேல் 30 நாள் அவகாசம் தர வேண்டும். ஒரு டெண்டர் ரத்தானால் மழைக்காலத்துக்கு முன் அஸ்திவாரம் என்பது கனவு.

தரைமட்டத்தைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். பழைய ஸ்டேஷன்கள் பள்ளத்தில் இருப்பது கட்டியவன் தப்பல்ல. சுரண்டாமல் மேலே மேலே தார் போட்டதில் சாலை தடவைக்கு நாலைந்து சென்டிமீட்டர் ஏறியது. சுரண்டிவிட்டுத்தான் போட வேண்டும் என்று 2021-இல் அரசு கண்டிப்பாகச் சொன்னது, ஆனால் ஏறியது ஏறியதுதான். அதனால் புதுக் கட்டடத்துக்கு இன்றைய சாலையிலிருந்து 90 சென்டிமீட்டர் உயரம் வைக்கலாம் என்பார்கள். நல்லது. ஆனால் சக்கர நாற்காலிச் சாய்தளம் 1-க்கு 12 சரிவு. 90 சென்டிமீட்டர் ஏற 10.8 மீட்டர் நீளம், நடுவில் திரும்ப ஒரு மேடை. வரைபடத்தில் இதற்கு முதலிலேயே இடம் விடாவிட்டால், கடைசி வாரத்தில் வாசலில் மூன்று மீட்டரில் ஒரு சறுக்குமரத்தைக் கட்டிவிட்டு 'சாய்தளம் உள்ளது' என்று எழுதிக்கொடுப்பார்கள்.

லாக்கப்பில் அழகு வேண்டாம், அசட்டையும் கூடாது. ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனி, இரண்டும் பாரா நிற்கும் இடத்திலிருந்து நேராகக் கண்ணில் பட வேண்டும். கம்பிகள் செங்குத்தாக மட்டும். தலை உயரத்தில் குறுக்குச் சட்டம் வந்தால் கைலியோ துப்பட்டாவோ மாட்ட இடம் கிடைத்துவிடும். விளக்கு கூரையோடு ஒட்டிய வலைக்கூண்டுக்குள், சுவிட்சும் ஒயரும் வெளியே. துருத்திக்கொண்டிருக்கும் குழாய்க்குப் பதில் சுவரில் பதிந்த அழுத்துகுழாய். கழிப்பறைக்கு இடுப்புக்குச் சற்று மேல் வரை மறைப்புச் சுவர், சொரசொரப்பான டைல்ஸ், மீட்டருக்கு ஒன்றரை சென்டிமீட்டர் வாட்டம். கைதானவர்கள் மட்டும் ஸ்டேஷன் பாத்ரூமில் வழுக்கி விழுந்து மாவுக்கட்டோடு வருவதைப் பற்றி உயர்நீதிமன்றமே கேட்டுவிட்டது. டைல்ஸை மாற்றினால் அந்தக் காரணமாவது மிஞ்சாது.

கேமரா விஷயத்தில் 2020 டிசம்பர் 2 உச்சநீதிமன்றத் தீர்ப்பு எதையும் விட்டுவைக்கவில்லை. நுழைவாயில், வெளிவாயில், எல்லா லாக்கப், நடைவழி, வரவேற்பு, வராண்டா, இன்ஸ்பெக்டர் அறை, எஸ்ஐ அறை, கழிப்பறைக்கு வெளியே, கட்டடத்தின் பின்புறம், எல்லா இடத்திலும் இரவிலும் தெரிய வேண்டும், ஒலியும் பதிவாக வேண்டும். பதிவை 18 மாதம் வைக்க வேண்டும். அந்த வசதி கிடைக்காத இடத்தில்கூட ஒரு வருஷத்துக்குக் குறையக் கூடாது. கணக்குப் போடுங்கள். ஒரு கேமரா விநாடிக்கு 2 மெகாபிட் என்றால் நாளைக்கு 21.6 ஜிபி. 15 கேமரா, நாளைக்கு 324 ஜிபி. ஒரு வருஷத்துக்கு 118 டெராபைட், 18 மாதத்துக்கு 177. பத்து டெராபைட் ஹார்டுடிஸ்க் 18 வேண்டும், பழுதுக்கான உபரி தனி. இது மேசைக்கு அடியில் வைக்கும் சமாச்சாரமல்ல: பூட்டிய அறை, ஏசி, யுபிஎஸ், ஜெனரேட்டர் இணைப்பு, தனி எர்த்திங். அதே 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் போலீஸ் காவலில் தாக்கப்பட்ட தந்தையும் மகனும் இறந்தது தெரியும். அங்கே 1 டெராபைட் டிஸ்க் இருந்தும் பதிவு தினமும் தானாக அழியும்படி வைத்திருந்ததாக விசாரித்த மாஜிஸ்திரேட் அறிக்கை கொடுத்தார். அந்த அறையைச் சமையலறை மூலையில் வைக்கிற வரைக்கும் 'டிஸ்க் சூட்டில் போய்விட்டது' என்ற பதில் தயாராக இருக்கும்.

வரைபடத்தில் எப்போதும் அடிவாங்குவது வழக்குச் சொத்து அறை. முகப்புக்குத் தூண், வரவேற்பில் கிரானைட் என்று போய், மிச்சமிருக்கும் பத்துக்குப் பத்து சொத்து அறையாகிறது. வெட்டரிவாள், செல்போன், கஞ்சா மூட்டை, ரத்தம் தோய்ந்த துணி எல்லாம் ஒரே குவியல். ஈரம் ஏறினால் அட்டையில் எழுதிய குற்ற எண் அழியும். எண் அழிந்த பொருளை நீதிமன்றத்தில் காட்டினால் எதிர்த்தரப்பு வக்கீலுக்குக் கொண்டாட்டம். தரையிலிருந்து உயர்த்திய இரும்பு அடுக்கு, வருஷவாரியாகப் பிரித்த வரிசை, போதைப்பொருளுக்குத் தனிப் பூட்டறை, எக்ஸாஸ்ட் ஃபேன். இவ்வளவுதான் கேட்பது.

வண்டிகள் அதைவிடப் பெரிய தலைவலி. ஒரு காருக்கு இரண்டரைக்கு ஐந்து மீட்டர், அதாவது 12.5 சதுர மீட்டர். 20 கார் நிறுத்தினால் 250 சதுர மீட்டர். ஒரு கிரவுண்டே 223தான். ஸ்டேஷன் கட்ட வாங்கிய மனையைவிட வண்டி நிற்க அதிக இடம் வேண்டியிருக்கும், டயரில் தேங்கும் தண்ணீரில் கொசு வேறு. கைப்பற்றிய வண்டியை ஸ்டேஷனில் மக்கவிடாதீர்கள் என்று உச்சநீதிமன்றம் 2002-லேயே சொன்னது. இப்போது புதுக் குற்றவியல் நடைமுறைச் சட்டமான பிஎன்எஸ்எஸ்ஸின் 497-ஆம் பிரிவு நாள் கணக்கே வைத்திருக்கிறது: சொத்து நீதிமன்றத்தில் ஆஜரான 14 நாளில் விவரப்பட்டியல், போட்டோ, வீடியோ, அடுத்த 30 நாளில் ஒப்படைக்கவோ விற்கவோ உத்தரவு. எனவே புது மனைக்கு நகரும் முன் பழைய வண்டிகளுக்கு மனுப் போட்டுத் தீர்க்க வேண்டும். உரிமை கோராத வண்டிகளுக்கு ஆறு மாத அறிவிப்புக் காலம் இருப்பதால், நகரும் தேதிக்கு எட்டு மாதம் முன்பே இதைத் தொடங்கினால்தான் கணக்கு சரியாகும். இல்லையென்றால் அதே துருவை லாரியில் ஏற்றிப் புது ஸ்டேஷன் வாசலில் இறக்குவார்கள். பல இடங்களில் அதுதான் நடக்கிறது.

பழைய மனையிலேயே இடித்துக் கட்டுவதென்றால் இடைக்காலத்தில் ஸ்டேஷன் எங்கே என்ற கேள்வியை யாரும் கேட்பதில்லை. ஜாமான் மாற்றும் நாளில் மேசை நாற்காலி போய்விடும். இணைய லைன் போகாது. லைன் இல்லாமல் எஃப்ஐஆர் ஏறாது, புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சிஎஸ்ஆர் ரசீதும் வராது. எழுத்தர் பக்கத்து ஸ்டேஷனில் போய் உட்கார்ந்து பதிவு செய்ய வேண்டிவரும். ஆகவே புது இடத்தில் லைன் ஓடுகிறது, மும்முனை மின்சாரம் வந்துவிட்டது, வயர்லெஸ் மைக் எடுக்கிறது என்ற மூன்றும் உறுதியான பிறகே நகர வேண்டும். துப்பாக்கிகளை அந்த நாட்களில் ஆயுதப்படையில் வைத்துவிடுவது உத்தமம். மேஜிஸ்திரேட் கோர்ட்டுக்கும் தபாலாபீசுக்கும் விலாச மாற்றம் எழுத்தில் போக வேண்டும், இல்லாவிட்டால் சம்மன் பழைய வாசலில் கிடக்கும்.

கட்டி முடிந்து ஒப்படைக்கும் நாளில் திறப்பு விழா அவசரத்தில் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். அதற்கு முன் ஒரு நாள் ஒதுக்கினால் போதும். மொட்டைமாடியில் வடிகுழாயை அடைத்து ஒரு நாள் தண்ணீர் தேக்கிப் பாருங்கள். ஒவ்வொரு கழிப்பறையிலும் ஒரு வாளி ஊற்றி, எந்த மூலையில் நிற்கிறது என்று பாருங்கள். எல்லா ஏசியும் ஒன்றாக ஓடும்போது மெயின் விழுகிறதா? லாக்கப் பூட்டுக்கு எத்தனை சாவி, யாரிடம்? ஒப்பந்ததாரரின் குறைபாடு திருத்தும் பொறுப்புக் காலத்துக்குள் ஒரு வடகிழக்குப் பருவமழை முழுசாக வந்துபோக வேண்டும். ஜனவரியில் ஒப்படைத்துவிட்டு அக்டோபருக்குள் காலம் முடிகிறது என்றால் ஒழுகல் உங்கள் தலையில்தான். ஒழுகினால் போன் போட்டுச் சொல்வதோடு நிறுத்தாமல், போலீஸ் ஹவுசிங் உதவி செயற்பொறியாளருக்கு தேதி, அறை, போட்டோவோடு கடிதம் எழுதி, அனுப்பிய எண்ணை ஸ்டேஷன் தபால் பதிவேட்டில் ஏற்றுங்கள். வைப்புத்தொகையைத் திருப்பிக் கொடுக்கும் கோப்பில் அந்தக் கடிதம் இருந்தால்தான் ஒப்பந்ததாரர் திரும்பி வருவார்.