ஊட்டிக் குளிரில் டயப்பரை விட்ட கதை

எங்கள் மகனுக்கு ஆட்டிசம். பேச்சு இன்னும் வரவில்லை. ஐந்து வயது தாண்டியும் டயப்பர்தான். இதே நிலையில் இருக்கும் பெற்றோர் எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டால், முதலில் வயிற்றைப் பாருங்கள் என்பேன்.

ஊட்டிக் குளிரில் பிள்ளைகள் தண்ணீர் குடிப்பதே குறைவு. இவன் காய்கறியும் தொடமாட்டான். மலம் இறுகிப்போய், வலிக்குப் பயந்து அடக்கி, அடக்கியதால் இன்னும் இறுகிவிடும். நடுவே தண்ணீராகக் கசியும். பார்த்தால் வயிற்றுப்போக்கு போலிருக்கும். உள்ளே அடைத்திருப்பதைத் தாண்டி வருவதுதான் அது என்று டாக்டர் விளக்கினார். அவர் கொடுத்த சிரப்பில் வலி போன பிறகே பயிற்சியைத் தொடங்கினோம்.

அதுவும் ஏப்ரலில். டிசம்பர், ஜனவரி உறைபனியில் எந்தக் குழந்தையும் கால்சட்டையைக் கழற்ற விடாது. ஜூனில் மழை பிடித்துவிட்டால் நனைத்த ஜட்டிகள் காயாது.

நமக்கு முட்டிக்கொண்டு வருவது தெரிகிற மாதிரி இந்தப் பிள்ளைகளில் பலருக்குத் தெரிவதில்லை. அதனால் "வந்தா சொல்லு" என்பது வேலைக்கு ஆகாது. சாப்பிட்டதும் குடல் தானாகவே அசையும். அந்த அரைமணி நேரத்துக்குள் சில நிமிடங்கள் உட்கார வைத்தோம். குளிர்ந்த சீட் அவனுக்கு ஆகாது என்பதால் துணி உறை போட்டோம். கால் தொங்காமல் இருக்க ஒரு முக்காலி. கழுவ வெந்நீர். ஃப்ளஷ் சத்தம் கேட்டால் காதைப் பொத்திக்கொள்வான், அதனால் அவன் வெளியே போன பிறகுதான் ஃப்ளஷ். எங்கள் பாத்ரூமையே போட்டோ எடுத்து, உட்காருவது முதல் கை கழுவுவது வரை வரிசையாகச் சுவரில் ஒட்டினோம்.

மூச்சா சீக்கிரம் பழகிவிட்டது. ஆய்தான் பெரும்பாடு. டயப்பர் மாட்டினால்தான் போவான். தெரபிஸ்ட் சொன்னபடி அதைப் பிடுங்காமல் படிப்படியாக நகர்த்தினோம். முதலில் டயப்பரோடு பாத்ரூமில் நின்று போகட்டும், அவ்வளவுதான். அப்புறம் டயப்பரோடு சீட்டில் உட்கார்ந்து. அது பழகியதும் டயப்பரின் அடியில் சின்ன ஓட்டை. ஓட்டை வாரா வாரம் பெரிதானது. கடைசியில் இடுப்பில் ஒரு பட்டை மாதிரிதான் மிச்சம். சீட்டில் விழுந்த அந்த நொடியே டார்ச் லைட் அவன் கையில்! சுவரில் வெளிச்சம் அடித்து விளையாடுவது அவனுக்கு உயிர். வேறு எதற்கும் அந்த டார்ச்சைக் கொடுக்கவே மாட்டோம்.

ஜட்டியில் போனால் திட்டுவதில்லை. சத்தமில்லாமல் மாற்றிவிடுவோம். "அதட்டினா அடக்கிக்குவான்மா, விடு" என்று மாமியாரே எல்லோரிடமும் சொல்லிவைத்தார். அந்த ஆதரவு இல்லாமல் என்னால் முடிந்திருக்காது.

டயப்பரோடு சேர்க்க முடியாது என்று ஒரு பள்ளியில் திருப்பி அனுப்பியது இன்னும் வலிக்கிறது. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் ஆட்டிசமும் உண்டு. பள்ளியில் மறுத்தால் அந்தச் சட்டத்தைச் சொல்லித் தயங்காமல் கேளுங்கள்.

இப்போது பகலில் டயப்பர் இல்லை. மூச்சா வந்தால் சுவரில் ஒட்டிய பாத்ரூம் படத்தைத் தொட்டுக் காட்டுகிறான். இரவில் இன்னும் டயப்பர்தான், அது வேறு கணக்கு, அவசரப்படுத்தவில்லை. குன்னூரில் அம்மா வீட்டு பாத்ரூமுக்குப் போக மறுக்கிறான். அங்கேயும் போட்டோ எடுத்து ஒட்டியிருக்கிறோம்.