காலியாக விடப்பட்ட கட்டம்

தங்கையின் சிகிச்சைக் கோப்பு இன்று ஒருவழியாகக் கைக்கு வந்தது. கேட்ட 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது விதி. புதுச்சேரியில் அந்த மருத்துவமனையின் வரவேற்பறையில் விதியை அச்சில் காட்டிய பிறகுதான் ஜெராக்ஸ் எந்திரம் வேலை செய்தது.

கடலூர் பஸ்ஸில் உட்கார்ந்து புரட்டினேன்.

ரசீதில் 18 சதவீத ஜிஎஸ்டி பைசா சுத்தமாக இருக்கிறது. லேசரின் ஆற்றலை எத்தனை ஜூல் வைத்தார்கள் என்று எழுத வேண்டிய கட்டம் மட்டும் காலி.

மங்கு போக வேண்டும் என்று போனவள். இப்போது இரண்டு கன்னத்திலும் கருகிய தழும்பு. நம் மாநிறத் தோலில் நிறம் தரும் மெலனின் அதிகம். லேசரின் ஒளியை அதுவே உறிஞ்சிச் சூடாகிவிடும். அளவு அங்கேதான் முக்கியம்.

"முகத்தை ஊருக்கெல்லாம் காட்டவா வழக்கு?" என்கிறார் அம்மா.

தழும்பு விழுந்தாலே கவனக்குறைவு என்றாகிவிடாது, தெரியும். இன்னொரு தோல் மருத்துவர் எழுதித் தர வேண்டும். வாயால் சொல்ல ஆள் இருக்கிறார்கள். லெட்டர்பேடில் எழுதத்தான் யாரும் இல்லை.

கட்டணம் வாங்கும் மருத்துவத்தை உச்ச நீதிமன்றம் 1995-இலேயே நுகர்வோர் சட்டத்துக்குள் கொண்டுவந்துவிட்டது. 2019 சட்டப்படி, வசிக்கும் ஊரான கடலூரிலேயே புகார் கொடுக்கலாம். செலுத்திய தொகை 5 லட்சத்துக்குள் என்றால் புகார்க் கட்டணம் இல்லை. கெடு இரண்டு ஆண்டு.

திங்கட்கிழமை வக்கீலைப் பார்க்கலாமா என்று தங்கையிடம் கேட்டேன்.

"அம்மாவுக்குத் தெரியாமலா?" என்றாள்.

தெரிந்துதான் என்றேன்.