71-இல் கோட்டை விட்டேன்: டெக்சாஸ் ஜேபி தேர்வும் வலி கிளினிக் சட்டமும்

டெக்சாஸில் டாக்டர் லைசென்ஸ் வாங்க, மருத்துவத் தேர்வுகளையெல்லாம் தாண்டிய பிறகும் ஜூரிஸ்புரூடென்ஸ் என்று ஒரு சட்டத் தேர்வு இருக்கிறது. ஜேபி என்பார்கள். தேற 75 வேண்டும். வலி சிகிச்சையில் தனிப் பயிற்சி முடித்தவள் நான், இதில் என்ன இருக்கிறது என்று இரண்டு மாலை மட்டும் புரட்டிவிட்டு உட்கார்ந்தேன். 71. வீட்டில் மூச்சு விடவில்லை.

ஆக்சிகோடோன் என்ற வலி மருந்து 20 மில்லிகிராம் மூன்று வேளை என்றால் அது 90 மில்லிகிராம் மார்ஃபினுக்குச் சமம் என்று தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்வேன். சட்டத்துக்கு அது பெரிய விஷயமில்லை. யார் பொறுப்பு, எத்தனை நாள், யாருக்கு விலக்கு என்பதுதான் அதன் கவலை.

வலி கிளினிக் என்றால் என்ன என்பதிலேயே தடுக்கினேன். வாசல் பலகையில் எழுதியிருப்பதை வைத்து முடிவு செய்வதில்லை. நோயாளிகளில் பாதிக்கு மேற்பட்டோருக்கு மாதாமாதம் ஓபியாய்டு (மார்ஃபின் வகை வலி மருந்து), பென்சோடையாசெபின் (பதற்றத்தைத் தணிக்கும் மருந்து), பார்பிச்சுரேட் (தூக்க மருந்து வகை), காரிசோபுரடால் இவற்றில் ஒன்று எழுதப்பட்டால் அது வலி கிளினிக். டாக்டர்களுக்கு லைசென்ஸ் தரும் மெடிக்கல் போர்டின் சான்றிதழ் வேண்டும். தசைப்பிடிப்பு மாத்திரையான காரிசோபுரடாலுக்கு இங்கே என்ன வேலை? ஹைட்ரோகோடோன் என்ற ஓபியாய்டு, அல்பிரசோலம் என்ற பென்சோடையாசெபின், காரிசோபுரடால் மூன்றும் ஒரே சீட்டில் வந்தால் அதற்கு ஹூஸ்டன் காக்டெயில் என்றே பெயர். காசை வாங்கிக்கொண்டு இதை எழுதித் தள்ளிய கடைகளை அடக்க வந்த சட்டம் இது. கதை தெரிந்த பிறகு அந்தப் பட்டியலை நான் மனப்பாடம் செய்யவே இல்லை.

அப்புறம் படிக்கும் முறையை மாற்றினேன். நோட்டில் ஒரு கிளினிக்கைத் திறந்தேன். வாரம் 45 மணி நேரம் வேலை. நடத்தும் டாக்டர் அதில் 33 சதவீதம், அதாவது ஏறக்குறைய 15 மணி நேரம், அங்கேயே இருக்க வேண்டும். நோயாளிக் கோப்புகளிலும் 33 சதவீதத்தைப் பார்க்க வேண்டும். பெயரை மட்டும் வாடகைக்கு விட்டு வீட்டில் உட்கார முடியாது. இதே கிளினிக்கை ஒரு மருத்துவமனையின் கையில் கொடுத்தால்? விலக்கு. இறுதிக்கால நோயாளிகளைப் பராமரிக்கும் ஹாஸ்பிஸிடம் கொடுத்தால்? அதுவும் விலக்கு. இப்படி ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தேன்.

அடுத்து நோயாளிகளை உள்ளே அனுப்பினேன். கை முறிந்து வந்தவருக்கு, அதாவது திடீர் வலிக்கு, ஓபியாய்டு 10 நாளுக்கு மேல் எழுதக் கூடாது, ரீஃபில் கிடையாது. 2019-இல் வந்த விதி. புற்றுநோய் வலிக்கும் நாள்பட்ட வலிக்கும் இந்த 10 நாள் பொருந்தாது. சீட்டு எழுதும் முன் பிஎம்பி என்ற மருந்துப் பதிவேட்டைப் பார்ப்பது 2020 மார்ச் முதல் கட்டாயம். அதில் புற்றுநோய், சிக்கிள் செல் (ரத்தச் சிவப்பணு நோய்), ஹாஸ்பிஸ் நோயாளிகளுக்கு விலக்கு உண்டு. காரணத்தைக் கோப்பில் எழுதிவிட வேண்டும். கவனித்தீர்களா, இரண்டு விலக்குப் பட்டியலும் ஒன்றல்ல: நாள்பட்ட முதுகு வலிக்காரருக்கு 10 நாள் வரம்பு இல்லை, பிஎம்பி பார்க்காமல் விட முடியாது. முதல் தடவை இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டுதான் படித்திருந்தேன்.

தெரிந்தவர்களின் பழைய நோட்ஸ் கிடைத்தால் பார்த்து நடங்கள். 2025 ஜனவரியில் போர்டு தன் விதிகளை மொத்தமாகத் திருத்தி எழுதிவிட்டது. அத்தியாய எண்களை நம்பிப் படித்தால் தொலைந்தீர்கள். போர்டின் தளத்திலிருந்தே படியுங்கள், சலிப்பாகத்தான் இருக்கும். தேர்வில் வந்த கேள்விகளைக் கேட்டு எனக்கு எழுதாதீர்கள், சொல்ல மாட்டேன்.

இரண்டாம் தடவை 88. அன்று இரவுதான் வீட்டில் அந்த 71-ஐயும் சொன்னேன்.