ஆயிரம் அடி போர்வெல்லும் நீர்மூழ்கிக் கப்பலும்

கோயம்புத்தூரில் பம்புக்குக் கிளாண்டு (கசிவைத் தடுக்கும் பாகம்) கடைந்து பழகியவர்களிடம் நீர்மூழ்கியின் கேபிள் பெனட்ரேட்டர் (கப்பல் உடலில் கேபிள் நுழையும் இடத்தில் தண்ணீரைத் தடுக்கும் பாகம்) டிராயிங்கை நீட்டினால், "நம்ம மோட்டார் ஆயிரம் அடியில கெடக்குதுங்க, இதென்னங்க பெரிய வேலை?" என்பார்கள். கணபதியிலும் சின்னவேடம்பட்டியிலும் இருக்கிற லேத்துக்கு அந்த உருப்படியைக் கடைவது கஷ்டமில்லைதான். கணக்குதான் வேறு.

போர்வெல் மோட்டாருக்குள் தண்ணீரோ எண்ணெயோ நிரம்பியிருக்கும். அடியில் உள்ள ரப்பர் டயாப்ரம் உள் அழுத்தத்தையும் வெளி அழுத்தத்தையும் சமப்படுத்திவிடும். அங்கே கேபிள் கிளாண்டு தடுப்பது மணலையும் அழுக்குத் தண்ணீரையும் மட்டுமே. நீர்மூழ்கிக்குள் ஆட்கள் மூச்சுவிடுகிறார்கள். உள்ளே இருப்பது சாதாரணக் காற்றழுத்தம். 300 மீட்டர் ஆழத்தில் வெளியே சுமார் 30 பார், அதாவது காற்றழுத்தத்தைப் போல ஏறக்குறைய முப்பது மடங்கு. 50 மி.மீ. துளை ஒன்றின் மேல் மட்டும் ஏறக்குறைய 600 கிலோ விசை உட்காரும். அந்த வித்தியாசம் முழுவதையும் பெனட்ரேட்டர் தனியாகத் தாங்க வேண்டும்.

அதனால்தான் அதன் ஃப்ளேஞ்ச் (அகன்ற விளிம்பு) கடல் பக்கம் இருக்கிறது. அழுத்தம் ஏற ஏற அது இருக்கையில் இன்னும் இறுகும். உள்பக்க நட்டு பிடிப்புக்குத்தான். ஹல்லில், அதாவது கப்பல் உடலில், வெல்டு செய்த இன்செர்ட் வளையத்தின் இருக்கையை வெல்டுக்குப் பிறகுதான் கடைசியாக மெஷின் செய்ய வேண்டும். முன்பே முடித்தால் வெல்டு சூட்டில் வட்டம் கோணும். ஃப்ளேஞ்ச் முகத்தில் ஒரு ஓ-ரிங் (ரப்பர் வளையம்), உடலைச் சுற்றி இன்னொன்று, இரண்டுக்கும் நடுவில் சோதனைத் துளை. 5.33 மி.மீ. ஓ-ரிங்குக்குப் பள்ளம் ஏறக்குறைய 4.3 மி.மீ. ஆழம்; அதாவது 20 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவான அமுக்கம். பள்ளத்தில் 85 சதவீதத்துக்கு மேல் ரப்பர் நிறையக் கூடாது. சீலிங் முகத்தில் டூல் கோடு வட்டமாகவே ஓட வேண்டும். உள்ளிருந்து வெளியாக ஒரு கீறல் விழுந்தால், கண்ணுக்கே தெரியாவிட்டாலும் தண்ணீருக்கு அது வாய்க்கால். பாலிஷ் பேப்பரைக் குறுக்கே தேய்த்து 'அழகு' பண்ணியதாலேயே தள்ளப்பட்ட உருப்படிகள் உண்டு.

பம்பு வேலையின் பித்தளை இங்கே உதவாது. கடல்நீர் அதிலிருந்து துத்தநாகத்தை அரித்துவிட்டுச் செம்புப் பஞ்சை மிச்சம் வைக்கும். நிக்கல் அலுமினியம் வெண்கலம், டைட்டானியம், மோனல் (நிக்கல்-செம்புக் கலவை) போன்றவைதான் வழக்கம். வெண்கலத்தை வார்ப்பாக வாங்குவதைவிட ஃபோர்ஜ் செய்த ராடாக வாங்குவது நிம்மதி. வார்ப்பில் நுண்துளை இருந்தால் சீல் சரியாக இருந்தும் உலோகமே கசியும்.

இன்னும் தந்திரமானது கேபிளுக்குள் ஓடும் தண்ணீர். இழைக்கம்பியை அப்படியே எபாக்சிப் பிசினுக்குள் நுழைத்து ஊற்றினால் வெளித்தோற்றத்துக்குக் கச்சிதமாக இருக்கும். ஆனால் கடல் பக்கம் கேபிள் வெட்டுப்பட்ட அன்றைக்கு, இழைகளுக்கு நடுவே உள்ள இடைவெளி வழியாகத் தண்ணீர் கப்பலுக்குள் வந்து சொட்டும். ஆகவே கண்ணாடியில் உருக்கிப் பதித்த, இடைவெளியே இல்லாத திட உலோக ஊசி (பின்) வைப்பார்கள். கம்பி அதன் இரு முனையிலும் பற்றவைக்கப்படும். சோதனையும் அப்படித்தான்: கேபிளே இல்லாமல் திறந்த முகத்தில் அழுத்தம் கொடுத்து, பெனட்ரேட்டர் தனியே நிற்கிறதா என்று பார்ப்பார்கள்.

இத்தனையும் சரியாகச் செய்து ஹைட்ரோ டெஸ்டில் (நீரழுத்தச் சோதனையில்) ஒரு சொட்டுக்கூட வராமல் தேறிய உருப்படி, சில வருடம் கழித்து, கேபிளையும் உடலையும் சேர்த்து மேலே வார்த்த ரப்பர் உரிந்து நிற்கலாம். கப்பல் துருப்பிடிக்காமலிருக்க, அதற்குப் பதிலாகத் தாமே கரையட்டும் என்று வைத்த துத்தநாகக் கட்டிகளே (ஆனோடு) காரணம். அவை கரையும்போது ஓடும் மின்னோட்டத்தில் உலோக விளிம்பில் காரம் உருவாகி, ரப்பருக்கும் உலோகத்துக்கும் நடுவில் உள்ள பசையைத் தின்னும். மணல் அடித்து, கை படாமல், தாமதமில்லாமல் பிரைமர் பூசினால் ஆயுள் கூடுமே தவிர நோய் போகாது. உடலுக்கு மின்காப்புப் பூச்சு கொடுப்பது, அல்லது கண்ணாடி இழை எபாக்சி உடலுக்கே மாறுவது என்றுதான் தீர்வு தேடியிருக்கிறார்கள்.

வாங்குகிறவர் காகிதம் கேட்பதும் இதற்காகத்தான். 1963 ஏப்ரல் 10 அன்று அமெரிக்காவின் த்ரெஷர் நீர்மூழ்கி 129 பேருடன் மூழ்கியது. குழாய் இணைப்பு ஒன்று விட்டுப்போனதே காரணமாக இருக்கக்கூடும் என்றது விசாரணை. அதே ஆண்டு அங்கே சப்சேஃப் என்ற ஏற்பாடு வந்தது: சரியாகச் செய்தோம் என்று சொன்னால் போதாது, ஆதாரம் காட்ட வேண்டும். நம் ஊரிலும் எந்த ஹீட் நம்பர் (உலோகம் உருக்கிய தொகுதி எண்) ராடு எந்த உருப்படியானது, ரப்பர் எந்த பேட்ச், யார் எப்போது வார்த்தார் என்பது வரை கோப்பில் இருக்க வேண்டும். கடைசல் கூலியை வைத்துக் கொட்டேஷன் போடுகிறவர் கையைச் சுட்டுக்கொள்வார். சோதனைக்கலம், அழுத்த சுழற்சி, ஹீலியம் கசிவுச் சோதனை, முதல் உருப்படி ஆய்வு, ஆய்வாளர் வரும்வரை முடங்கும் பணம் இவையெல்லாம்தான் விலை. ஒரே ஆர்டரில் ஆயிரக்கணக்கில் போகிற பம்பு உதிரிப்பாகம் போல எண்ணிக்கையும் வராது. சில டஜன் வந்தாலே பெரிய ஆர்டர்.

தமிழ்நாடு பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தின் ஐந்து முனைகளில் கோயம்புத்தூர், சேலம், ஓசூர் மூன்றும் உண்டு. அதற்காக நேரே மும்பையில் நீர்மூழ்கி கட்டும் மசகான் டாக் வாசலில் போய் நிற்க வேண்டியதில்லை. கடற்படை ஒப்புதலுக்கு வருடக்கணக்கில் ஆகும். அதுவரை கடை ஓட வேண்டுமே. சென்னை பள்ளிக்கரணையில் உள்ள தேசியப் பெருங்கடல் தொழில்நுட்ப நிறுவனம், கொச்சியில் சோனார் செய்யும் ஆய்வகம் போன்ற இடங்களில் ஆளில்லாக் கருவிகளுக்கான சின்னக் கனெக்டர், சோதனைப் பிளக், மூடி என்று ஆரம்பிக்கலாம். அங்கே கசிந்தால் கருவிதான் போகும். மத்ஸ்யா 6000 போன்ற ஆள் ஏறும் கலத்தை இதில் சேர்க்க வேண்டாம். 6000 மீட்டரில் 600 பார், உள்ளே மூன்று பேர். முதலில் தெரிந்த ரப்பர் மோல்டரோடு உட்கார்ந்து, ஒரே பேட்சில் இருபது துண்டு வார்த்து, உரித்துப் பார்த்து, ரப்பரே கிழிகிறதா, பசை விடுகிறதா என்று குறித்து வையுங்கள். ரப்பர் கிழிந்தால் அடுத்த வேலைக்குப் போகலாம். உலோகம் பளிச்சென்று தெரிந்தால் பிளாஸ்டிங்கிலிருந்து மறுபடி ஆரம்பிக்க வேண்டியதுதான்.