என்டிபி கிளஸ்டர் லாக்: எதை எழுத வைப்பது, எதைத் தடுப்பது

பல இயந்திரங்களில் பரவி இயங்கும் தரவுத்தளமான மைஎஸ்கியூஎல் என்டிபி கிளஸ்டரில், தரவை வைத்திருக்கும் ஒரு டேட்டா நோடு விழுந்துவிட்டால் முதலில் திறக்க வேண்டியது, கிளஸ்டரை நிர்வகிக்கும் மேனேஜ்மென்ட் நோடில் இருக்கும் கிளஸ்டர் லாக் என்ற நிகழ்வுப் பதிவு. எல்லா நோடுகளும் அனுப்பும் செய்திகள் ஒரே கோப்பில் கால வரிசையில் சேர்வது அங்கேதான். டேட்டா நோடுகள் தனித்தனியாக எழுதும் அவுட் லாக் அதற்கு அடுத்தபடி. ஆனால் பல இடங்களில் அந்தக் கிளஸ்டர் லாகை நிறுவிய நாளில் விட்டபடியே விட்டிருக்கிறார்கள். தேவைப்படும் நேரத்தில் தேவையான வரி அதில் இருப்பதில்லை.

ஒரு நிகழ்வு கோப்பில் ஏற இரண்டு சல்லடைகளைத் தாண்ட வேண்டும். ஒன்று வகையும் வரம்பும். ஸ்டார்ட்அப், செக்பாயிண்ட், கனெக்‌ஷன், ஸ்டாட்டிஸ்டிக்ஸ், எரர், பேக்கப் என ஒவ்வொரு வகைக்கும் 0 முதல் 15 வரை ஒரு வரம்பு உண்டு. நிகழ்வின் முன்னுரிமை எண் அந்த வரம்புக்குச் சமமாகவோ குறைவாகவோ இருந்தால்தான் அது உள்ளே வரும். பெரும்பாலான வகைகளின் இயல்பு வரம்பு 7; கனெக்‌ஷனுக்கு 8; எரர், பேக்கப் இரண்டுக்கும் 15. இரண்டாவது சல்லடை தீவிரம்: அலர்ட், கிரிட்டிக்கல், எரர், வார்னிங், இன்ஃபோ, டீபக். இவற்றில் டீபக் மட்டும் இயல்பாக அணைந்திருக்கும்.

இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதில்தான் சிக்கல் தொடங்குகிறது. லாகில் இரைச்சல் அதிகம் என்று யாராவது வார்னிங்கை அணைத்துவிட்டால், இதயத்துடிப்பு (நோடுகள் தாம் இயங்குவதாக ஒன்றுக்கொன்று அனுப்பும் சிறு செய்தி) தவறியதைச் சொல்லும் வரிகளும் அதோடு போய்விடும். அந்த நிகழ்வு சேரும் எரர் வகையின் வரம்பு 15 ஆக இருந்தும் பயனில்லை. அந்த நிகழ்வின் தீவிரம் வார்னிங் என்பதால் இரண்டாவது சல்லடையில் அது நின்றுவிடுகிறது. நோடு செத்ததாக அறிவிக்கும் வரி அலர்ட், ஆகவே அது மட்டும் தெரியும். நெட்வொர்க் மெல்ல மெல்லத் தடுமாறியதா, இயந்திரம் ஒரேயடியாக நின்றதா என்பதைப் பிரித்துக் காட்டுவது அதற்கு முன் வந்திருக்க வேண்டிய எச்சரிக்கைகள்தாம். டேட்டா நோடுகளுக்கு இடையிலான துடிப்பு இயல்பாக 5000 மில்லி விநாடிக்கு ஒன்று. தொடர்ந்து நான்கு தவறினால் அந்த நோடு வெளியேற்றப்படும். தடுமாறிப் பிழைத்துக்கொண்ட நோடைக் கண்டுபிடிக்க இந்த எச்சரிக்கைகளை விட்டால் லாகில் எளிய தடயம் இல்லை. வார்னிங்கை ஒருபோதும் அணைக்காதீர்கள்.

இரைச்சலைக் குறைக்க வேண்டுமென்றால் வகையைத் தொடுங்கள். மேனேஜ்மென்ட் கிளையன்டில் முதலில் 'கிளஸ்டர்லாக் இன்ஃபோ' கொடுத்தால் எந்தெந்தத் தீவிரம் இயங்குகிறது என்று காட்டும். பிறகு 'ஆல் கிளஸ்டர்லாக் செக்பாயிண்ட்=6' என்று கொடுத்தால், முன்னுரிமை 7 உள்ள லோக்கல் செக்பாயிண்ட் (நினைவகத்திலுள்ள தரவை வட்டில் எழுதும் வேலை) வரிகள் நிற்கும். பரிவர்த்தனை எண்ணிக்கைகள் வேண்டுமா? அவற்றின் முன்னுரிமை 8. ஆகவே 'ஆல் கிளஸ்டர்லாக் ஸ்டாட்டிஸ்டிக்ஸ்=8' போதும். 15 வரை ஏற்றினால் கோப்பு வீணாக ஊதும். 'கிளஸ்டர்லாக் டாகிள்' கொடுக்கும்போது கவனம் தேவை: அது நிலையைத் திருப்பிப் போடும் ஆணை. ஸ்கிரிப்டில் வைத்து இருமுறை ஓடினால் பழைய நிலைக்கே வந்துவிடும்.

இந்த ஆணைகளால் செய்யும் மாற்றம் மேனேஜ்மென்ட் சர்வரை மறுதொடக்கம் செய்தால் போய்விடும். இரண்டு மேனேஜ்மென்ட் நோடுகள் இருந்தால் ஒவ்வொன்றும் தன் லாகைத் தானே எழுதுகிறது. இரண்டிலும் தனித்தனியாக இணைந்து சரிபாருங்கள். மேனேஜ்மென்ட் நோடு நின்றாலும் கிளஸ்டர் ஓடிக்கொண்டிருக்கும். ஆனால் அந்த இடைவெளியில் நடந்தது அதன் லாகில் இருக்காது. இரண்டு மேனேஜ்மென்ட் நோடு வைக்க எனக்கு இந்த ஒரு காரணமே போதும்.

கோப்பின் அளவைத் தீர்மானிப்பது லாக்டெஸ்டினேஷன் அமைப்பு. இயல்பாக ஒரு கோப்புக்கு 1000000 பைட், மொத்தம் 6 கோப்புகள், அதாவது ஏறக்குறைய 6 எம்பி. நோடுகள் நிறைய இருந்து, வரம்புகளும் ஏற்றப்பட்டிருந்தால் இது வெகு சீக்கிரம் சுழன்று, வெள்ளிக்கிழமை இரவு நடந்தது திங்கள் காலைக்குள் அழிந்துவிடும். மேக்ஸ்சைஸை 20000000, மேக்ஸ்ஃபைல்ஸை 20 என்று வையுங்கள். 400 எம்பி வட்டு இடம் இன்று பெரிய விஷயமில்லை. அரைப்புள்ளி போட்டு, இயங்குதளத்தின் பதிவுச் சேவையான சிஸ்லாகையும் அதே வரியில் சேர்த்தால் வெளியே இன்னொரு பிரதி கிடைக்கும். கான்ஃபிக் கோப்பைத் திருத்திவிட்டு மேனேஜ்மென்ட் சர்வரை வெறுமனே மறுதொடக்கம் செய்தால் எதுவும் மாறாது. அது சேமித்து வைத்த பழைய அமைப்பைத்தான் படிக்கும். ரீலோடு விருப்பத்தோடு தொடங்க வேண்டும்.

நினைவகத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். தரவுக்கு ஒதுக்கிய டேட்டா மெமரியின் பயன்பாடு 80, 90, 100 சதவீதத்தைத் தொடும்போது மட்டுமே தானாக லாகில் வரும். மெம்ரிப்போர்ட்ஃப்ரீக்வன்ஸியை 3600 என்று வைத்தால் மணிக்கு ஒரு வரி விழும். வாரக்கணக்கில் மெல்ல ஏறும் போக்கு அதில் அழகாகத் தெரியும். உடனடியாகப் பார்க்க 'ஆல் ரிப்போர்ட் மெமரியூசேஜ்'.

நோடு விழுந்த பின் அதன் எரர் லாகையும் ட்ரேஸ் கோப்புகளையும் (விழும் முன் உள்ளே நடந்தவற்றின் பதிவு) உடனே நகலெடுங்கள். இயல்பாக 25 பதிவுகளுக்குப் பிறகு பழையவற்றின் மேலேயே புதியவை எழுதப்படும். தானாக எழுந்து எழுந்து விழும் நோடு அந்த 25-ஐ வேகமாகத் தின்றுவிடும். எல்லா இயந்திரங்களிலிருந்தும் ஒரே தொகுப்பாகத் திரட்ட என்டிபி எரர் ரிப்போர்ட்டர் கருவி இருக்கிறது. எஸ்எஸ்ஹெச் (தொலைவிலிருந்து இயந்திரத்தில் நுழையும் வழி) அணுகல் மட்டும் முன்கூட்டியே அமைத்திருக்க வேண்டும். கடிகாரங்களையும் இயங்குதளத்தின் நேர ஒத்திசைவுச் சேவையால் சரியாக வைத்திருங்கள். டேட்டா நோடின் அவுட் லாகையும் கிளஸ்டர் லாகையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கும்போது சில விநாடி வித்தியாசம் இருந்தால்கூட எந்த நோடு முதலில் தடுமாறியது என்பது தலைகீழாகத் தெரியும்.